வீட்டுக்கு அடியில் 84 சதவீதம்: டீஹியூமிடிஃபையர் வாங்கும் முன்னால்

கேள்வி இதுதான். வட கரோலினா கேரியில் 1971இல் கட்டிய, மாடி இல்லாத 1,500 சதுர அடி வீடு. வீட்டுக்கு அடியிலிருக்கும் கிரால்ஸ்பேஸில் ஜூலை மாதம் ஈரப்பதம் 84 சதவீதம் காட்டுகிறது, ஹாலில் லேசாக முடை வாடை, ஒரு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு மொத்தத்தையும் பிளாஸ்டிக் போட்டு மூடித்தர 14,000 டாலர் என்கிறார். அதற்குப் பதில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தெடுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷின் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் போதாதா, போதும் என்றால் எத்தனை பைண்ட் (ஒரு நாளில் அது எடுக்கும் தண்ணீரின் அளவு; ஒரு பைண்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) வாங்குவது?

மெஷின் வேண்டியிருக்கும், ஆனால் கடைசியாக. இதை நான் தலைகீழாகச் செய்து ஒரு கோடை முழுக்கக் கரண்ட் பில் கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வீடு ராலே பக்கம், 1964இல் கட்டியது, 1,400 சதுர அடி. வாங்கிய வருஷம் உங்களைப் போலவே வாடை. நேராகப் பெரிய கடைக்குப் போய் ரூமில் வைக்கிற சாதாரண டீஹியூமிடிஃபையர் ஒன்றை வாங்கி, சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து உள்ளே தள்ளி, ஒரு ஹோஸைச் சொருகிவிட்டு வந்தேன். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை அது நிற்காமல் ஓடியது. சென்சாரில் 86 இருந்தது 76 ஆனது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது: கிரால்ஸ்பேஸின் சுவரைச் சுற்றி 12 வென்ட், அதாவது காற்றுத் துளைகள், திறந்திருந்தன. ஓட்டைப் படகில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் இறைத்திருக்கிறேன்.

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த கிரால்ஸ்பேஸ் என்பதே புதிது. அங்கே பேஸ்மட்டம் எழுப்பி, உள்ளே கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் தரை போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு அடியில் காலியிடம் என்று ஒன்று கிடையாது. இங்கே தென்கிழக்கு மாநிலங்களின் பழைய வீடுகளில் சுற்றிலும் உயரம் குறைந்த சுவர், நடுவில் சில தூண்கள், அவற்றின் மேல் மரச்சட்டங்கள், அதாவது ஜாய்ஸ்ட்கள், அதன்மேல் பலகைத் தரை. கீழே வெறும் மண். இடையில் இரண்டடி மூன்றடி உயரத்தில் ஒரு இருட்டு. அந்த இருட்டுக்குள்தான் ஏசி குழாய்கள், தண்ணீர் பைப், சாக்கடை பைப், சில வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்கூட இருக்கும். வாங்கும்போது இன்ஸ்பெக்டர் ஒருமுறை போய்ப் பார்ப்பார், அதற்கப்புறம் பத்து வருஷம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வென்ட் வைத்தால் காற்று ஓடும், காற்று ஓடினால் காயும் என்பது பார்த்தவுடன் சரியாகத்தான் படும். 150 சதுர அடி கிரால்ஸ்பேஸுக்கு 1 சதுர அடி வென்ட் என்ற கணக்கு 1940களில் ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் விதிகளில் வந்து, அங்கிருந்து எல்லாக் கட்டட விதிகளிலும் ஒட்டிக்கொண்டது. வீடுகளில் ஏசி பரவலாக இல்லாத காலம் அது. இன்றைக்கு அது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஜூலையில் வெளியே 88 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் ட்யூ பாயிண்ட், அதாவது ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 72 டிகிரி. அதே காற்று வென்ட் வழியாக உள்ளே வருகிறது; உள்ளே மண்ணின் குளிர்ச்சியாலும் மேலே ஓடும் ஏசியாலும் 74 டிகிரிதான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புதிதாகச் சேராமலே அந்தக் காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்துக்குப் போய்விடும். 72 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன்மேல் பட்டாலும் தண்ணீராகவே படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்ப்பது மாதிரி, உங்கள் ஏசி குழாய் வியர்க்கும், செம்புப் பைப் வியர்க்கும், சில நாள் ஜாய்ஸ்டின் அடிப்பக்கமே வியர்க்கும். கோடையில் வென்ட் கிரால்ஸ்பேஸைக் காய வைப்பதில்லை, நனைக்கிறது. இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் வேலைதான்.

இது வெறும் தியரி இல்லை. ராலேயில் இருக்கும் அட்வான்ஸ்டு எனர்ஜி என்ற லாப நோக்கில்லாத அமைப்பு, இதே மாநிலத்தில் டார் ஆற்றங்கரையிலுள்ள பிரின்ஸ்வில் ஊரில் ஒரே மாதிரியான 12 வீடுகளை எடுத்து, சிலவற்றில் வென்ட்டைத் திறந்தபடி விட்டு, மற்றவற்றில் மூடி, 2000களின் தொடக்கத்தில் அளந்து பார்த்தது. மூடியவை கோடை முழுக்க உலர்வாக இருந்தன, திறந்தவை ஈரமாகவே கிடந்தன, போதாததற்கு மூடிய வீடுகளில் ஏசி, ஹீட்டிங் செலவு 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. வட கரோலினாவின் கட்டட விதிகளில் மூடிய கிரால்ஸ்பேஸுக்குத் தனி இடம் கிடைத்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதெல்லாம் புழுக்கமான ஊர்களுக்கு. அரிசோனாவிலோ கொலராடோவிலோ இருப்பவருக்கு இந்தத் தலைவலியே வேறு. சியாட்டில் பக்கம் மழை குளிர்காலத்தில்தான், கோடைக்காற்று உலர்ந்தது, அங்கே வென்ட் ஓரளவு வேலை செய்யும். நியூ ஆர்லியன்ஸில் தூண்மேல் நிற்கும் பழைய வீடுகளுக்கு அடியில் நாலு பக்கமும் திறந்தே இருக்கும், அதைப் போய் பிளாஸ்டிக்கால் மூட முடியாது, மூடவும் கூடாது. அதனால் யாரோ வேறு ஊரிலிருந்து "நான் ஒன்றும் செய்யவில்லை, எனக்கு 50 சதவீதம்தான்" என்று சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது. ஒரு பழைய பேண்ட், முழங்கால் பேட், என்95 மாஸ்க், ஹெட்லேம்ப், ஒரு ஸ்க்ரூடிரைவர். முடிந்தால் 30, 40 டாலருக்குக் கிடைக்கும், ஊசி குத்தி அளக்கிற மாய்ஸ்ச்சர் மீட்டர் ஒன்று. உள்ளே போய் முதலில் தண்ணீரைத் தேடுங்கள். ஈரப்பதத்தை இல்லை, தண்ணீரை. இங்கே செம்மண் களி, குடித்தால் விடாது. கூரையிலிருந்து மழைநீரை இறக்கும் டவுன்ஸ்பவுட் குழாய் சுவரோரமே கொட்டினால் அது அப்படியே அந்தச் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே வரும். சுவரின் உட்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம், ஊரில் ஓதம் ஏறிய சுவரில் பார்த்திருப்பீர்களே, அதேதான். டவுன்ஸ்பவுட்டை 6 அடி, முடிந்தால் 10 அடி தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி மண் முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஐம்பது வருஷத்தில் மண் அமுங்கி, மேலே மல்ச் கொட்டிக் கொட்டி, பெரும்பாலான பழைய வீடுகளில் சரிவு உள்நோக்கித்தான் இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு சில நூறு டாலரும் ஒரு சனிக்கிழமையும். மழைக்கு மறுநாளும் உள்ளே குட்டை நின்றால் மட்டும் உள்வடிகால், குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் என்று யோசிக்க வேண்டும். தேங்கி நிற்கிற தண்ணீரை எந்த டீஹியூமிடிஃபையரும் வெல்லாது.

அடுத்தது நாமே உள்ளே ஊற்றும் தண்ணீர். ஏசி வடிக்கும் தண்ணீரைக் கொண்டுபோகும் கண்டென்சேட் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள், பாதி வீடுகளில் அது வெளியே போவதற்கு முன்னாலேயே கழன்று மண்ணில் சொட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் டிரையர். என் வீட்டில் நான் கண்டுபிடித்த கேவலம் இதுதான்: ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் ஒரு மூலை மட்டும் சாம்பல் நிறமாக, பூனை படுத்திருப்பது போலப் பொசுபொசுவென்று தெரிந்தது. கிட்டே போய்த் தொட்டால் பஞ்சு. துணி காயவைக்கும் டிரையரின் குழாய் சுவரை எட்டுவதற்கு ஒரு முழம் முன்னால் அறுந்து, பல வருஷமாக ஒவ்வொரு லோடு துணியின் ஈரமும் பஞ்சும் அங்கேயே கொட்டியிருக்கிறது. மேலே ஜாய்ஸ்ட் கறுத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், நல்லவேளை, இறங்கவில்லை. 25 டாலர் உலோகக் குழாயும் கிளாம்ப்பும் வாங்கி மாட்டினேன். முன்பு நான்கு மாதம் ஓடிய மெஷினைவிட அந்த 25 டாலர் அதிகம் வேலை செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

அந்த ஸ்க்ரூடிரைவர் சோதனையைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் கம்பெனிக்காரர்கள் ஃபோனில் எடுத்துக் காட்டும் பூஞ்சைப் படங்களைப் பார்த்துத்தான் பலர் பயந்து கையெழுத்துப் போடுகிறார்கள். மரத்தின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் அது மேற்பரப்புப் பூஞ்சை. பார்க்க அசிங்கம், வாடைக்கும் அதுதான் காரணம், மரத்தின் பலத்தை அது தின்பதில்லை. மரம் இற்றுப்போவது வேறு சமாசாரம், அதற்கு மரத்துக்குள் ஈரம் 28, 30 சதவீதம் வரை ஏறி நிற்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் இற்றுவிட்டது, அந்தச் சட்டத்துக்கு ஆள் கூப்பிடுங்கள். டக்கென்று நின்றால் பிழைத்தீர்கள். மீட்டரில் 20க்கு மேல் காட்டினால் எச்சரிக்கை, 15க்குக் கீழே நிம்மதி. காற்றில் 80 சதவீதம் தொடர்ந்து இருந்தால் மரம் 16 சதவீதத்தில் போய் நிற்கும், 90 என்றால் 20ஐத் தாண்டும், 55 என்றால் 10 வாக்கில். உங்கள் 84 என்பது இப்போதைக்குப் பூஞ்சைக்கு விருந்து, அழுகலுக்கு இன்னும் அழைப்பு போகவில்லை. அவசரப்பட்டு இந்த வாரமே 14,000 கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பிளீச் தெளிக்காதீர்கள், மரத்தில் அது ஊறிப் பயன் தராது, ஈரத்தைத்தான் சேர்க்கும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வேக்குவமும் சோப்புத் தண்ணீர்த் துணியும் போதும், அதுவும் ஈரம் அடங்கியபின்.

இனி மண். வெறும் மண் பார்க்கக் காய்ந்திருந்தாலும் இரவும் பகலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் விரிக்க 6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்) பாலித்தீன்தான் குறைந்தபட்சம். நீங்கள் உள்ளே தவழ்ந்து போய்வரப் போகிறீர்கள் என்றால் 10 அல்லது 12 மில், உள்ளே நூல் வலை வைத்தது வாங்குங்கள். 20 மில் என்பது மெத்தைக்கு மெத்தை போடுவது, கம்பெனிக்கு லாபம். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 6 அங்குலம், நான் ஓரடி விட்டேன், சீம் டேப் போட்டு ஒட்டி, தூண்களைச் சுற்றிக் கட்டி, சுவரில் ஏற்றிப் பிடிக்க வேண்டும். சுவரின் உச்சி வரை ஏற்றாதீர்கள், மேலே 3 அங்குலம் சுவர் தெரியட்டும். கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியாக மண்கோடு இழுத்துக்கொண்டுதான் மரத்துக்கு ஏறும், அந்த 3 அங்குலம்தான் உங்களுக்கும் பூச்சிக்காரருக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும். வாடை பாதி இந்தக் கட்டத்திலேயே போய்விடும்.

வென்ட்டை மூடுவதற்கு முன்னால் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, பழைய வீடுகளில் இது உயிர் போகிற விஷயம். கிரால்ஸ்பேஸுக்குள் கேஸ் ஃபர்னஸோ கேஸ் வாட்டர் ஹீட்டரோ இருக்கிறதா? அது எரிவதற்கான காற்றை அங்கிருந்தே எடுக்கும் பழைய வகையா? அப்படியென்றால் வென்ட்டை மூடுவது அதன் மூச்சை மூடுவது. கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். வெளியிலிருந்து நேராகத் தனிக் குழாயில் காற்று எடுக்கும் சீல் செய்த வகையாக மாற்றிய பிறகே மூட வேண்டும், இல்லையென்றால் மூடவே கூடாது. 60, 70களின் வீட்டில் குழாய் இணைப்புகளைச் சுற்றி வெள்ளை நாடா போல ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்புண்டு, கிழிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். மண்ணிலிருந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்கும் கிட் வாங்கி மூடுவதற்கு முன் ஒருமுறை, மூடியபின் ஒருமுறை சோதியுங்கள். லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோக்யூரி என்பது அரசு சொல்லும் எல்லை, தாண்டினால் பிளாஸ்டிக்குக்கு அடியிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வைக்க வேண்டும். வெள்ள மண்டலத்தில் இருக்கும் வீட்டில் சில வென்ட்கள் காற்றுக்காக இல்லை, வெள்ளம் உள்ளே புகுந்து சுவரின் இரண்டு பக்க அழுத்தத்தையும் சமன் செய்வதற்காக; அவற்றை அடைத்தால் வெள்ளம் சுவரையே தள்ளிவிடும், இன்சூரன்ஸும் கைவிடும். கேரியில் பெரும்பாலான தெருக்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனாலும் ஃபீமா என்ற அரசுப் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இவையெல்லாம் சரியென்றால் வென்ட்களை உள்பக்கமாக ஃபோம் பலகை வெட்டி வைத்து அடையுங்கள். பைப், ஒயர் நுழையும் ஓட்டைகளில் ஸ்ப்ரே ஃபோம். கிரால் கதவுக்கு ரப்பர் பட்டி. ஏசி குழாயின் இணைப்புகளில் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசுங்கள். இந்தக் கடைசி வேலையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் குளிர்ந்த காற்றைக் கசிய விடும் குழாய் சுற்றிலும் எல்லாவற்றையும் குளிரவைத்து வியர்வையைக் கூட்டுகிறது, வீட்டுக் காற்றை ஏசிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் கசிந்தால் கிரால்ஸ்பேஸ் காற்றையே உறிஞ்சி உங்கள் படுக்கையறையில் ஊதும். ஹாலில் வரும் வாடைக்கு அதுவும் ஒரு வழி.

இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 50 கன அடி வெளிக்காற்று கசிந்து உள்ளே வருகிறது என்று வையுங்கள், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றின் அளவுதான். மேலே சொன்ன 72 டிகிரி ட்யூ பாயிண்ட் காற்று அது. அதை 55 சதவீதத்துக்கு இறக்க ஒரு நாளைக்கு ஏறக்குறைய 38 பைண்ட் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும், கிட்டத்தட்ட 18 லிட்டர், ஒரு பெரிய குடம் நிறைய. இது வெறும் 50 கன அடிக்கு. எல்லா வென்ட்டும் திறந்திருந்து கொஞ்சம் காற்றும் அடித்தால் அதைப்போல் பல மடங்கு உள்ளே வரும். நான் முதல் வருஷம் ஏன் 76இல் நின்றேன் என்பது இப்போது தெரிகிறதா.

இப்போது மெஷினுக்கு வருவோம். கடையில் ரூமுக்கு விற்கும் 250 டாலர் மெஷினைக் கீழே போடலாமா என்றால், போடலாம், இரண்டு மூன்று கோடை தாக்குப்பிடிக்கும். 60, 65 டிகிரிக்குக் கீழே போனால் அதன் காயிலில் ஐஸ் பிடிக்கும், வடிகுழாய் நழுவினால் வாளி நிறைந்து நின்றுவிடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஏப்ரல், அக்டோபரில் கிரால்ஸ்பேஸ் அந்தக் குளிரில்தான் இருக்கும். கிரால்ஸ்பேஸுக்கென்றே செய்தவை, ஏப்ரல்ஏர், சாண்டா ஃபே, அலோர்ஏர் மாதிரியானவை, 800இலிருந்து 1,800 டாலர் வரை. தட்டையாகக் குள்ளமாக இருக்கும், குளிரிலும் ஓடும், வாளியே கிடையாது, நேராகக் குழாய்தான்.

எத்தனை பைண்ட் என்பதில் ஒரு குழப்படி இருக்கிறது. 2019இல் அமெரிக்க எரிசக்தித் துறை சோதனை முறையை மாற்றியது. முன்பு 80 டிகிரி அறையில் அளந்ததை, தூக்கி வைக்கிற மெஷின்களுக்கு 65 டிகிரியில் அளக்கச் சொன்னார்கள். குளிர்ந்த காற்றில் தண்ணீர் குறைவு, அதனால் பழைய 70 பைண்ட் மெஷின் அதே உடம்போடு 50 பைண்ட் ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் சில கம்பெனிகள் 90 டிகிரி, 90 சதவீதம் என்ற குளியலறை நிலையில் அளந்த எண்ணைப் பெரிய எழுத்தில் பெட்டியில் அடிக்கிறார்கள். அதனால் பெட்டியில் எண்ணைப் பார்க்காதீர்கள், அந்த எண் எந்த வெப்பத்தில், எந்த ஈரப்பதத்தில் என்று பொடி எழுத்தைப் பாருங்கள். 80 டிகிரி 60 சதவீதம் என்று போட்ட எண்ணை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஐ.ஆர்.சி என்கிற வீட்டுக்கட்டட விதியின் 2018 பதிப்பு, மூடிய கிரால்ஸ்பேஸுக்கு 1,000 சதுர அடிக்கு 70 பைண்ட் என்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் 1,500க்கு 105 வருகிறது. என் அனுபவத்தில் கசிவை ஒழுங்காக அடைத்த வீட்டுக்கு 70 பைண்ட் மெஷின் தாராளம். ஆனால் பெர்மிட் எடுத்துச் செய்கிறீர்கள் என்றால் உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் எந்த விதியைப் பார்க்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள், பிறகு வாதாட முடியாது.

மெஷினே இல்லாமல், ஏசியின் சப்ளை குழாயில் ஒரு சின்னத் துளை விட்டுக் குளிர்ந்த உலர்ந்த காற்றைக் கீழே அனுப்பும் முறையும் விதியில் உண்டு, 50 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 1 கன அடி. மலிவு. ஆனால் மே மாதத் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும் வெளியே 70 டிகிரி, மழை, ஏசி ஓடுவதே இல்லை என்று ஒரு பருவம் வருமே, அப்போது கீழே உலர்த்த யாரும் இல்லை. பூஞ்சைக்கு அந்த வாரங்களே போதும். அதனால் என் ஓட்டு மெஷினுக்கு.

வைக்கும்போது மண்ணில் வைக்காமல் இரண்டு பேவர் கல் போட்டு மட்டமாக வையுங்கள், அல்லது ஜாய்ஸ்டிலிருந்து சங்கிலியில் தொங்க விடுங்கள். கிரால் கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஃபில்டரைக் கழுவத் தவழ வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது தேவை. தண்ணீர் வெளியே போக, சரிவு கிடைத்தால் வெறும் குழாய். ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிந்தால் போதும். கிடைக்காவிட்டால் கண்டென்சேட் பம்ப், மிதவை சுவிட்ச் உள்ளது. ஒரு வீட்டில் அந்தக் குழாயைப் பிளாஸ்டிக்குக்கு அடியில் மண்ணுக்குள்ளேயே விட்டிருந்தார்கள், எடுத்த தண்ணீரை அங்கேயே கொடுத்து மறுபடி எடுக்கும் ஏற்பாடு, மெஷினுக்கு வேலை நிரந்தரம்.

எடுத்த எடுப்பில் 50 சதவீதம் என்று வைக்காதீர்கள். மேலே மரத்தரை இருந்தால் முதல் இரண்டு வாரம் 65, அடுத்த இரண்டு வாரம் 60, அப்புறம் 55. அதிலேயே நிறுத்திவிடுங்கள், 45 என்றெல்லாம் போவது கரண்டுக்குக் கேடு, பலகைக்கும் இடைவெளி விழும். பலகைகளின் ஓரம் தூக்கி நடு குழிந்திருந்தால் அதைப் பார்த்துச் சகிக்காமல் உடனே சாண்டிங் போட ஆள் கூப்பிடுவார்கள். வேண்டாம், ஈரம் இறங்கும்போது பெரும்பாலும் தானே படியும், அதற்குள் தேய்த்துவிட்டால் காய்ந்தபின் நடு தூக்கிக்கொள்ளும். முதல் ஒன்றிரண்டு மாதம் மெஷின் ஏறக்குறைய நிற்காமல் ஓடினால் பயப்படாதீர்கள். உங்கள் அளவு வீட்டின் ஜாய்ஸ்டும் பலகையும் சேர்ந்து மூன்று டன் மரம் இருக்கும். அது 19 சதவீதத்திலிருந்து 12க்கு இறங்க 200 லிட்டருக்கு மேல் தண்ணீரை விட்டாக வேண்டும். அதற்கப்புறம் நிதானத்துக்கு வரும். 550 வாட் மெஷின் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 165 யூனிட், யூனிட் 14 சென்ட் என்று வைத்தால் 23 டாலர். குளிர்காலத்தில் பெரும்பாலும் தூங்கும்.

இன்னொன்று, கிரால்ஸ்பேஸ் பிளக் பாயிண்ட்டில் ஜி.எஃப்.சி.ஐ என்ற, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும், அது நல்லதுதான், ஆனால் அது எப்போதாவது டிரிப் ஆகும். என்னுடையது ஒரு ஜூலை இடிமழையில் டிரிப் ஆகி, ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் கதவைத் திறந்ததும் மழைக்காலத்தில் காயாத துணி வாடை. 20 டாலருக்குக் கிடைக்கும், ஈரப்பதம் காட்டும் வயர்லெஸ் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்குங்கள், ஒன்று மெஷினிலிருந்து தூரமான மூலையில், ஒன்று ஹாலில். 65ஐத் தாண்டினால் ஃபோனில் சத்தம் போடும்படி வையுங்கள். வாங்கியவுடன் நம்பிவிடாமல் ஒரு சோதனை: பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் சென்சாரையும் ஜிப்லாக் பையில் சேர்த்து மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் சென்சார் 5 கூட்டிச் சொல்கிறது. உங்கள் 84கூட முதலில் இந்தப் பரீட்சை எழுதட்டும்.

14,000 டாலர் பற்றி. முழு வேலையும் ஆள் வைத்துச் செய்தால் இந்தப் பக்கம் 5,000இலிருந்து 15,000 வரை சொல்வார்கள், அதனால் அது வானத்திலிருந்து வந்த எண் இல்லை, மேல்தட்டு எண். எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் பாருங்கள்: வெளியே தண்ணீர் வடிவதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா, ஏசி குழாய்க் கசிவை அடைப்பது இருக்கிறதா, கேஸ் ஃபர்னஸ் பற்றிக் கேட்டாரா, மெஷினின் மாடல் நம்பர் இருக்கிறதா. 20 மில் பிளாஸ்டிக்கும் "ஆண்டிமைக்ரோபியல்" ஸ்ப்ரேயும் மட்டும் பெரிதாக இருந்து இவை இல்லை என்றால் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். நானும் ஒரு நண்பரும் நான்கு வார இறுதிகளில் செய்ததற்குப் பொருள் செலவு மெஷினோடு சேர்த்து 2,900 டாலர் ஆனது. முழங்கால் தனிக்கணக்கு. உயரம் இரண்டடிக்கும் குறைவென்றால் நானே ஆள் வைத்திருப்பேன்.

ஹைக்ரோமீட்டர் வருவதற்குள் இந்த வாரம் இரண்டு காரியம் செய்யலாம். அடுத்த மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்து டவுன்ஸ்பவுட் எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் டிரையரை ஓடவிட்டு வெளிச்சுவரில் அதன் மூடி திறந்து சூடான காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் அது எங்கே வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.